முருகையா யாருக்குக் கம்பளி எடுத்தான்

இலங்கை மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய முருகையா, தன் கத்தியைவிட மூளையே கூர்மையானது என்று நம்பினான். இரண்டையும் தீட்டியவன் அவனே என்பதால் மறுத்துப் பேச ஆளில்லை.

1908 ஐப்பசி மழையில் அவன் கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஆறாம் லயத்துப் பெரியாயியிடம் போய், மகள் வள்ளியம்மையைப் பெண் கேட்டான்.

"மரியாதப்பட்ட ஆளுக்குத்தான் பொண்ணு குடுப்பேன், தம்பி. ஒன்னய லயத்துல யாரு மதிக்கிறா? தைக்குள்ள எவனாச்சும் மதிச்சா வா. இல்லேன்னா பூனாகலைத் தோட்டத்து மாப்பிள்ளதான்."

முருகையா குந்தி உட்கார்ந்து யோசித்தான். உலகத்தில் அவன் கண்ட உண்மைகள் இரண்டு. எல்லாரிடமும் அன்பாக இருப்பவனை இராமையா கங்காணிக்குப் பிடிக்காது. கங்காணிக்குப் பிடிக்காதவனை லயமே மதிக்கும். ஆகவே எல்லாரிடமும் அன்பாக இருந்தால் போதும். கங்காணியின் வெறுப்பும், லயத்தின் மதிப்பும், வள்ளியம்மையும் வரிசையாக வந்து சேர்வார்கள்.

ஓர் ஓட்டை இருந்தது. எல்லாரும் என்றால் கங்காணியும் சேர்த்தி. அன்பு காட்டினால் மனிதர் எப்படி வெறுப்பார்? அவரை மட்டும் விட்டுவிட்டால் அது எல்லாரும் ஆகாதே. இந்த இடத்திலேயே மூன்று நாள் நின்றான். இரண்டு தேயிலைச் செடிகள் தூரோடு போயின.

நாலாம் நாள் மழையில் கங்காணி குடையோடு எதிரே வந்தார். வழக்கப்படி முருகையா, மரியாதைக்காக, முக்காடிட்ட கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து, நனைந்துகொண்டு ஒதுங்கினான். திரும்பப் போடுவதற்குள் பின்னால் துணி வியாபாரி காமில் வந்துவிட்டான். கம்பளி எடுத்தபடியே இருந்தது. திரும்பிப் பார்த்த கங்காணியின் முகம் புளித்தது. முருகையாவின் முகம் மலர்ந்தது.

அன்று முதல் எல்லாருக்கும் எடுத்தான். கொழுந்துக்காரிக்கு ஒரு தரம், அவள் இடுப்புப் பிள்ளைக்கு ஒரு தரம். காமிலின் பொதி மாட்டுக்கும் எடுத்தான்.

"ஏண்டா, மாட்டுக்கும் எடுக்கிற, எனக்கும் எடுக்கிற?" என்றார் கங்காணி.

"ஒங்களுக்கு ஒண்ணும் கொறைக்கலையேங்க."

"அதாண்டா கொறை."

மறுநாள் காலை ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் அவனைச் செங்குத்து மலைக்கு அனுப்பினார். சாயங்காலமே லயம் அவனை "முருகையாண்ணே" என்றது. பெரியாயி பாக்கு நறுக்கி வைத்தாள். தும்மலைத் தவிர எல்லாம் கணித்தபடியே நடந்தது.

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் வள்ளியம்மை குடத்தை வைத்துவிட்டு நின்றாள். "அம்மாவுக்குச் சம்மதமாம். எனக்கில்ல."

"ஏன் புள்ள? ஒனக்கும்தான் எடுத்தேன்."

"மாட்டுக்கு எடுத்தப்புறம் எடுத்தீங்க. ஊருக்கெல்லாம் குடுக்கிறதையே எனக்கும் குடுத்தா, எனக்குன்னு அதுல என்ன இருக்கு?"

கங்காணியின் வழக்கு இந்த வாயிலிருந்து வருமென்று முருகையா நினைக்கவில்லை. மழை வலுத்தது. கை பழக்கத்தில் தலைக்குப் போய், பாதியில் நின்றது. எடுக்கவில்லை. கம்பளியின் ஒரு முனையை மட்டும் விரித்துப் பிடித்தான்.

"நனையுற. உள்ள வா."

அவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். "இது வேற யாருக்காச்சும் உண்டா?"

"மாட்டுக்குக்கூட இல்ல."

தையில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பின் பதினைந்து வருடம் முருகையா ஊருக்கெல்லாம் கம்பளி எடுத்தான். வீட்டுக்காரிக்கு ஒருநாளும் எடுத்ததில்லை. இதைக் கவனித்த லயத்தார் கூடி யோசித்து, ஒரு குறையும் இல்லாத அந்த மனிதன் பொண்டாட்டியை மட்டும் மதிப்பதில்லை என்று முடிவுகட்டினார்கள்.