காலியாக ஓடிய மிஷின்

எங்கள் மாவு மில்லுக்கு வருகிறவர்கள் முதலில் கூலியைக் கேட்பதில்லை. "இதுக்கு முன்னாடி இன்னா போட்டீங்க?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓர் அரவை முடிந்த பிறகும் கல்லுக்கு நடுவிலும் மாவு இறங்கும் துணிக்குழாயிலும் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்தவருடைய தானியத்தைப் போட்டால் அதோடு கலந்துதான் அது வெளியே வரும். கேழ்வரகுக்குப் பிறகு கோதுமை போட்டால் சப்பாத்தி கறுக்கும். கடலைப்பருப்புக்குப் பிறகு அரிசி போட்டால் இடியாப்பம் பிழிய வராது. அதனால் கோதுமைக்காரர்கள் கோதுமைக்காரர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். தனியாகக் கேழ்வரகு கொண்டுவந்தவர், இன்னொரு கேழ்வரகு டப்பா வரட்டும் என்று ஓரமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். மிளகாய்க்கு மட்டும் தனி மிஷின்.

கூட்டம் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். இது கூட்டம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மில் சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் இருந்தது. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனி விருப்ப ஓய்வு என்ற பெயரில் எங்களை வெளியே அனுப்பியபோது, கையில் வந்ததைப் போட்டு அதை வாங்கினேன். அது தை மாதம், பொங்கலுக்கு அடுத்த வாரம், புதன்கிழமை. எனக்கு நாட்கள் மறக்காது. எங்கள் தெருவில் முதல் அடுக்குமாடிக்குக் கடைக்கால் தோண்டியது எந்த மாதம், அதில் முதல் குடும்பம் லாரியில் வந்து இறங்கியது என்ன கிழமை என்று கேட்டால் இன்றும் சொல்வேன். மிஷினுக்குப் பின்னால் நாற்காலி போட்டுச் சரித்திரப் புத்தகங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் கோட்டைகள் விழுந்த நாள் தெரிந்துவிடும். எங்கள் மில் விழ ஆரம்பித்தது என்றைக்கு என்று மட்டும் எவ்வளவு பின்னோக்கிப் போய்ப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுக்குமாடிகள் எழும்பியபோது நான் சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு கோதுமை டப்பாவாகப் பார்த்தேன். மதுரை, திருநெல்வேலி, சேலம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து குடியேறினார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் சாப்பிடும் மாவு பாக்கெட்டில், பைக்கில், அவர்கள் வாசலுக்கே வந்தது. எங்கள் ஆட்கள், பழைய குடிகள், ஒவ்வொருவராகத் திருநின்றவூர்ப் பக்கம் வாடகை குறைவு என்று போய்விட்டார்கள்.

அப்போதும் மில்லுக்கு வந்துகொண்டிருந்த சிலரில் ஒரு மதுரைப் பெண் இருந்தாள். கைக்குழந்தைக்காகக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்துக் கொண்டுவருவாள். ஒரு நாள் வந்தபோது மிஷினில் கோதுமை ஓடி முடிந்திருந்தது.

"அண்ணே, முந்தி என்னத்த அரைச்சீக? புள்ளைக்குக் கொடுக்கணும். கோதுமை கலந்துரக் கூடாது."

இன்னொரு கேழ்வரகு வரும்வரை உட்காரச் சொல்லலாம் என்றால், அன்று மட்டுமல்ல, அந்த வாரமே வேறு கேழ்வரகு வருவதாகத் தெரியவில்லை. கூட மில்லைப் பார்த்துக்கொண்ட என் மனைவி பக்கத்திலிருந்த வீட்டுக்குப் போய் எங்கள் சமையலறையிலிருந்த கேழ்வரகை எடுத்துவந்து முதலில் போட்டாள். கோதுமையெல்லாம் அதோடு வந்துவிட்டது. பிறகு குழந்தையுடையதைப் போட்டாள்.

அதுவே பழக்கமாகிவிட்டது. யார் எது கொண்டுவந்தாலும் முன்னால் எங்கள் தானியம் கொஞ்சம் ஓடும். அரைத்துத் தள்ளிய கலவை மாவை நாங்கள்தான் தின்ன வேண்டும். கோதுமையும் கம்பும் கடலைப்பருப்பும் சேர்ந்த ரொட்டி தினமும் ஒரு நிறத்தில் இருக்கும்.

"இன்னைக்கு இது இன்னா?" என்று கேட்பேன்.

"துன்னுப் பாத்து நீயே சொல்லு. புக்கு பட்ச்சவன்தானே" என்பாள்.

சித்திரை முடியும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். மில்லை மூடிவிடலாம் என்றேன். அவள் துணிக்குழாயை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவதை நிறுத்தவில்லை.

"மூடிட்டு?"

"பாக்கலாம்."

"இன்னாத்த பாக்குறது? ஆடி வரட்டும். கூழுக்கு அரைக்க வர்வாங்க. அதுக்கப்புறம் பேசு."

எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் அம்மனுக்குக் கூழ். தெருமுனைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கான கேழ்வரகு முழுக்க எங்கள் மில்லில்தான் அரைபடும். அந்த அரவையை மட்டும் என் மனைவி யாரையும் தொடவிட மாட்டாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்து மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அவளே போடுவாள். அந்த ஒரு மாதத்துக் கூட்டம் பழைய நாட்கள் போலவே இருக்கும். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் குளித்துவிட்டுக் காத்திருந்தாள். மதியம் வரை யாரும் வரவில்லை. நான் கோயிலுக்குப் போய் விசாரித்தேன். கமிட்டிக்காரர் பந்தல்காரர்களோடு கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, தப்பா நெனைக்காதே. இந்த வாட்டி மாவாவே மூட்டை மூட்டையா ஒர்த்தரு உபயம் பண்ட்டாரு. பேனர்ல அவர் பேரு போட சொல்லிக்கீறாரு. நாங்க இன்னா பண்றது?"

பேனரைப் பார்த்தேன். அம்மனைவிட அவர் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. திரும்பிவந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் சுற்றியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்து மிஷினைத் துடைத்தாள். வைத்த மஞ்சளும் அதோடு போயிற்று. "சர்தான்" என்றாள்.  ஆடிக்கு அப்புறம் பேசலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தேன் அல்லவா, மூடும் பேச்சை நானும் அன்று எடுக்கவில்லை.

ஆடி கடைசியில் மதுரைப் பெண் மாவு டப்பாவைத் திருப்பிக்கொண்டு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, தயக்கம்தான்.

"அண்ணே, கஞ்சி நறநறங்குது. நானே சாப்பிட்டுப் பார்த்துட்டேன். கேழ்வரகுல கல்லு இல்லண்ணே, நான் அலசித்தான் கட்டுனேன்."

விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். பல்லில் கடித்தது. அது மண் இல்லை, கல்லின் தூள். அரவைக் கல் தேய்ந்து உதிர்ந்தால்தான் இப்படி வரும். கொத்துகிறவரை வரவழைத்துக் கல்லைக் கொத்தி அதிக நாள் ஆகவில்லை. வருகிற அரவைக்கு அது வருஷக்கணக்கில் தாங்க வேண்டும். எப்படித் தேய்ந்தது என்று விளங்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கேழ்வரகுக்குப் பணம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டுப் போனாள். என் மனைவி அப்போது உள்ளே இருந்தாள். வெளியே வரவே இல்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பூந்தமல்லியில் மிஷினுக்குப் பெல்ட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். தெருமுனையிலேயே எங்கள் மிஷினின் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள்! நடையை வேகமாகப் போட்டேன். வாசலில் செருப்பு எதுவும் இல்லை. உள்ளே என் மனைவி மட்டும் ஸ்விட்ச் பெட்டியில் ஒரு கை வைத்தபடி, எதிரிலிருந்த அடுக்குமாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே தொட்டியில் ஒரு மணி தானியம் இல்லை. கல்லோடு கல் உரசி, கருகல் வாடை அடித்தது.

நான் ஸ்விட்சை அணைத்தேன். கல் நின்று அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"இன்னா பண்றே நீ?"

"சத்தம் கேட்டாத்தானே மிஷினு கீதுன்னு தெரியும்? நீதான் மூடிட்டா மாரி உக்காந்துகினு புக்கு படிக்கிறே. சத்தம் கேட்டு ஒர்த்தராவது எட்டிப் பாக்க மாட்டாங்களா?"

"எத்தினி நாளா?"

அவள் ஸ்விட்ச் பெட்டியின் கதவைச் சாத்தினாள். கோயில் கூழ் கைவிட்டுப் போன நாளிலிருந்து என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வெளியே போகும் மதியங்களில் எல்லாம் ஓட்டியிருக்கிறாள். காலியாக ஓட்டினால் கல் கல்லைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. எனக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"எவனாவது வந்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ வந்தே" என்றாள்.

இனிக் கல் மாற்ற வேண்டும், அல்லது மூட வேண்டும்.  மறுநாள் நான் தெரிந்தவர்களிடம் மிஷின் விற்பனைக்கு என்று சொல்லிவைத்தேன். அவளிடமும் சொன்னேன். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

அடுத்த வாரம் குத்தம்பாக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பா காலத்தில் வயல் வேலை, இவர் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்து நின்றவர். கல் தேய்ந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருந்தேன். மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. என் மனைவி டீ கொடுத்தாள்.

"மில்லு எங்க போடப் போறே, நைனா?"

"எங்க ஊர்லதான்க்கா. புது பஸ் ஸ்டாண்டு வருதில்ல? ஜனம் அள்ளும்."

"பஸ் ஏற வர்றவன் கோதும டப்பாவைத் தூக்கினா வருவான்?"

அவர் சிரித்தார். "சுத்தி ஊடுங்க வரும்க்கா. பெரிய பெரிய பிளாட்டு."

"இந்தா, எதுர்ல கீதே, அதும் பெரிய பிளாட்டுதான். ஜன்னல எண்ணிக்கினே உக்காந்துகினு இருக்க வேண்டியதுதான். ஒரு கேவுரு வரும். அதுக்கு முன்னாடி ஓட்ட உன் ஊட்டு கேவுரைப் போடுவே. கடைசில உன் பொண்டாட்டி காலி மிஷின ஓட்டுவா."

டீ கிளாஸை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். வீட்டில் கேட்டுவிட்டுப் போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார். பண்ணவில்லை.

எனக்கு அடக்க முடியாத கோபம். "மூட மனசில்லேன்னா என்கிட்ட சொல்லணும். வந்தவனை ஏன் வெரட்டுறே?"

"மூட மனசில்லாம கீறவ அவன்கிட்ட இத்த ஏன்யா சொல்றா?" என்றாள்.  "சொல்லிகினே இருக்கும்போதுதான் இது முடிஞ்சிப்போச்சுன்னு எனக்கே காதுல வுய்ந்துச்சு."

சுவரில் தொங்கிய நாட்காட்டியை நான் புரட்டினேன். கை பழக்கத்தில் போய்விட்டது. கடை திறக்க, வண்டி வாங்க, வாசக்கால் வைக்க எல்லாவற்றுக்கும் அதில் நாள் இருந்தது.

"மூடுறதுக்கு எவன்யா நாள் பாப்பான்? இன்னிக்கே கரண்டு ஆபீஸ்ல போய் சொல்லு" என்றாள்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், மில்லுக்கான மும்முனை இணைப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆள் வந்தது இரண்டொரு நாள் கழித்து, காலை பத்து மணி வாக்கில். ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன் நின்று, "அக்கா, இதுல லைட்டும் சேந்துதான் போவும், பரவால்லியா?" என்று கேட்டார்.

"போவட்டும்" என்றாள்.

அவர் மீட்டரைக் கழற்றிப் பைக்கில் கட்டிக்கொண்டு போனார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாங்க ஆளில்லாத மிஷின் இருட்டில் நின்றது. வீடு நாலு எட்டு தூரம்தான். ஆனாலும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வேளையில் இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்ததே இல்லை. அங்கே போய் என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை.