கானாங்கெளுத்தி தின்னாத ஊரில் தூரிட்

"உளவு பார்க்க வந்தவளாமா? யாரு சொன்னா? உன் வாய்தானே சொல்லுது, ஓசே!"

கூட்டுறவுக் கடையில் பால் வாங்கப் போன போர்கில்டுக்கு, தன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணைப் பற்றிக் கடைக்காரி ஓசே பேசியதும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"முதல்ல சொன்னதே நீதான், போர்கில்ட். நோட்டுல என்னமோ எழுதுறா, அரசாங்கத்து ஆளாத்தான் இருப்பான்னு."

"சொன்னேன். இப்போ இல்லங்கிறேன். என் வாய், ரெண்டையும் சொல்லும்."

ஓசே சொன்னது பொய்யில்லை. தெற்கு நார்வேயின் அந்தத் தீவில், தன் வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வந்த அன்றே தூரிட்மேல் போர்கில்டுக்குச் சந்தேகம். மனசுக்குப் பேச்சால் வைத்தியம் செய்யப் படிக்கிறாளாம். அப்படியானால் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்க வேண்டும்? இவளோ படகுத்துறையில் நின்றாள், சர்ச்சில் காப்பிக்கு உட்கார்ந்தாள், எல்லாவற்றையும் நீல நோட்டில் எழுதினாள். கேட்டால், "மானுடவியல் படிக்கிறவங்க ஊரோட இருந்துதான் ஜனங்களைப் புரிஞ்சுக்குவாங்க. வைத்தியம் பண்றவளும் அதைக் கத்துக்கணும்னு எங்க டீச்சர் அனுப்பினாங்க" என்பாள். இதை எந்த மடையன் நம்புவான்?

அவள் பார்க்க வேண்டிய ஆள் பக்கத்து வீட்டு சிக்வால்ட். போன குளிர்காலத்தில் கடலில் விழுந்து பிழைத்தவன், அதிலிருந்து தூக்கமில்லை. அவள் எழுதுவதைப் பார்த்துத்தான், மறுபடி படகெடுக்க டாக்டர் அனுமதி தருவார். படகை விட்டால் சிக்வால்டுக்கு வேறு பிழைப்பில்லை.

ஜூனில் ஒருநாள் தூரிட் ஆசையாகக் கானாங்கெளுத்தி மீன் பொரித்து போர்கில்டையும் சிக்வால்டையும் சாப்பிடக் கூப்பிட்டாள். சிக்வால்ட் தட்டைப் பார்த்தான், வெளுத்துப்போனான், எழுந்து போய்விட்டான். "பசியில்ல" என்று போர்கில்ட் உருளைக்கிழங்கை மட்டும் கொறித்தாள்.

மறுநாள் தூரிட் நீந்தப் போயிருந்த நேரம், போர்கில்ட் மாடியேறி நோட்டைத் திறந்தாள். 'மீனைக் கண்டே நடுங்குகிறார். கடல் பயம் தீரவில்லை. படகு வேண்டாம் என்று எழுதலாமா?'

தூரிட் திரும்பியபோது நோட்டு சமையலறை மேசையில் கிடந்தது.

"படிச்சீங்களா?"

"படிச்சேன். என் பேரை ஏன் எழுதல? நானும்தானே திங்கல."

"பசியில்லன்னு சொன்னீங்களே!"

"ஆசையா சமைச்ச பொண்ணுகிட்ட வேற என்ன சொல்றது? பதினாறு வருஷம் முன்னாடி ஒரே படகுல நாலு பேர் கடலோட போனாங்க. என் புருஷன், சிக்வால்டோட அண்ணன்... ஒரு உடம்புகூட கரைக்கு வரல. கானாங்கெளுத்தி எதைத் தின்னு கொழுக்குதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பிடிப்போம், விப்போம். வாயில வைக்க மாட்டோம்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேட்டியா? எழுதிக்கிட்டுல்ல இருந்தே."

தூரிட்டின் முகம் காதுவரை சிவந்தது. அதன்பிறகு நோட்டை மாடியிலேயே போட்டுவிட்டு, என்ன சமைப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். பதினோரு வீடு. ஒரு வீட்டுச் சட்டியிலும் அந்த மீன் இல்லை. சிக்வால்டோடு வலை தைத்தபடியே பேசினாள். அவனுக்கு மெல்லத் தூக்கம் வந்தது. ஊர் மட்டும் அடங்கவில்லை: இப்போது சமையலறைக்குள்ளேயே நுழைந்துவிட்டாளே! கடையில் ஓசேயோடு போர்கில்ட் சண்டை போட்டதும் அப்போதுதான்.

ஆகஸ்டில் அவள் கிளம்பும் நாள், போர்கில்டே வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டருக்கு என்ன எழுதினே? காட்டு."

"அது சிக்வால்டோட காகிதம். அவர் காட்டினா பாருங்க."

"ஓகோ, இப்போ மட்டும் ரகசியமா?"

"முன்னாடியும் ரகசியம்தான். நீங்கதான் மாடியேறி வந்தீங்க."

போர்கில்ட் வாயைத் திறந்தாள். அதற்குள் துறையிலிருந்து பழகிய ஓர் எஞ்சின் சத்தம் எழுந்தது. குளிர்காலத்திலிருந்து கேட்காத சத்தம். தூரிட்டை அக்கரையில் விட சிக்வால்ட் தன் படகைக் கிளப்பியிருந்தான்.

போர்கில்ட் ஒதுங்கி வழிவிட்டாள். தூரிட் பையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள்.