முற்றத்தில் நின்ற நோய்

எழுபதுகளில், மலையிறங்கிப் போன பெரிய ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ஆனைக்கரைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒட்டிய கன்னம், கறைபிடித்த விரல்கள். ஓயாமல் ஏலக்காய் உரித்து மென்றுகொண்டிருந்தாள்.

எனக்குக் கர்ப்பப்பையில் புற்று, ஒன்றாம் ஸ்டேஜ் என்றிருந்தார் டாக்டர். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, முதலில் பேர் வாசிக்கப்பட்டவள்தான் முதலில் மலையேறுவாள். அதுபோல, ஒன்று என்றால் முதலில் சாகப்போகிறவள் என்று அவளிடம் சொல்லி அழுதேன்.

“ஏக்கா, கோட்டிக்காரியா நீ?” என்று சிரித்தாள். “கர்ப்பப்பைய ஒரு வீடுன்னு வையி. ஒண்ணுன்னா சீக்கு வீட்டுக்குள்ளயே கெடக்கு. ரெண்டுன்னா வாசப்படிக்கு, அதான் பையோட கழுத்துக்கு, வந்துட்டு. மூணுன்னா முத்தத்துல எறங்கிட்டு. நாலுன்னா பக்கத்து வீடு, தூரத்து ஊருன்னு போயிரும். ஒனக்கு உள்ளதான கெடக்கு!”

“இதெல்லாம் யாரு சொன்னா?”

“டாக்டரத்தான் விடாம கேட்டேன். என் வீட்டுல என்ன நடக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

“ஒனக்கு?”

“முத்தத்துல நிக்கி” என்றாள், விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல.

அவளைக் கூப்பிட்டார்கள். இருந்த பயத்தில் பேர்கூட என் காதில் விழவில்லை. மீதி ஏலக்காயை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஆபரேஷன் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தன் முற்றத்தில் அதை நிறுத்திவைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்ல அவளால் எப்படி முடிந்தது?