குங்குமம் வைத்துக் கூப்பிட்ட கூட்டம்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருப்பது அரசாங்கக் காடு. அதிலிருந்து இறங்கும் ஓடைதான் எங்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிறது. அந்தக் காட்டில் ஒரு பகுதியை வெட்டிக் காய்கறி போட யாரோ அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்றும், ஊர் மக்களின் கருத்தைக் கேட்க அதிகாரிகள் கூட்டம் வைக்கப் போகிறார்கள் என்றும் எனக்குச் சொன்னவர், ரிங்லெட் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனபோது சொன்னார்.

"உங்க லைன்லருந்து ஆள் கூட்டிட்டு வாங்க. அந்தத் தண்ணிய குடிக்கிறவங்க நீங்கதான். நீங்க பேசாம வேற யாரு பேசுவா?"

நான் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அதைச் சொல்லவும் வாய் வராததால், தலையை ஆட்டிவிட்டு ரவிக்கையோடு வந்துவிட்டேன்.

அனுமதி கேட்டவர் யார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திரிங்காப்பில் பெரிய காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் தவுக்கே, சீன முதலாளி. என் அண்ணன் அவரிடம்தான் லோரி ஓட்டுகிறார். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மலை இறங்கும் லோரி. அந்த வேலையை நம்பித்தான் அண்ணனின் குடும்பம் இருக்கிறது. தங்கச்சி ஆள் திரட்டுகிறாள் என்று தவுக்கேவின் காதில் விழுந்தால்?

ஆனாலும் மழை பெய்தால் எங்கள் குழாயில் என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியும். இப்போதே மேலே இருக்கும் சிறு தோட்டங்களின் சேறு வருகிறது. துணியில் வடிகட்டினால் துணி செங்கல் நிறமாகிவிடும். மிச்சமிருக்கும் காடும் போனால் வடிகட்டுவதற்குக்கூடத் தண்ணீர் இருக்காது.

கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதிப் போட்டேன். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. லயமே வருகிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடிப் பேசிக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா வந்தார். நான் இருந்தேன். கோயில் ஏணியை எடுத்துப்போக வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அக்கா நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக்காரிதான் உண்மையைச் சொன்னாள். "போன்ல போட்டா அது சேதி. வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டாதான் அழைப்பு. நீ யாரயும் கூப்பிடவே இல்லையே. நாங்க எப்படி வர்றது?"

"கை கும்பிட்டுப் போட்டீங்களே."

"அது சாமி படம் போட்டாலும் போடுவோம்லா."

மறுநாள் வேலை முடிந்து வீடு வீடாகக் கூப்பிடக் கிளம்பினேன். முதல் வீட்டின் படிக்குக் கீழேயே நின்றுவிட்டேன். உள்ளே வாங்க என்றார்கள்; கூச்சத்தில் கால் ஏறவில்லை. கையிலும் ஒன்றுமில்லை. அந்த வீட்டம்மா என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு தவறிட்டாங்க?"

சாவுச் சேதி சொல்ல வருகிறவர்கள்தான் அப்படி வாசலோடு நிற்பார்கள். யாரும் சாகவில்லை, கூட்டத்துக்குக் கூப்பிட வந்தேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "அடி பாவி, உயிரே போச்சு" என்று அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பிறகு வீட்டுக்குப் போய்க் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டேன். காட்டுக்காகக் குங்குமம் வைத்துக் கூப்பிடுவது சரியா தவறா, தெரியவில்லை. ஆனால் சிமிழைப் பார்த்ததும் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. குங்குமத்தை எடுத்துக்கொண்டே, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர்களே கேட்டார்கள்.

மேல் வரிசையில் அண்ணன் வீட்டுக்கு முன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனேன். அவர்களைக் கூப்பிடாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன். சன்னலில் அண்ணி நின்றதைப் பார்க்காததுபோல் நடந்தேன்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். படியில் நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"எங்க வீட்ல என்ன தீட்டா?"

"அப்படி இல்ல அண்ணி..."

"எல்லா வீட்டுக்கும் சிமிழோட போற. என் வாசல்ல மட்டும் குனிஞ்சுக்கிட்டு ஓடுற. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"அண்ணன் வேல..."

"வேல எங்களோடது. கூப்பிடுறது உன் கடம. வர்றதும் வராததும் எங்க பாடு. நீயே முடிவு பண்ணிட்டா எப்படி?"

மறுநாள் சிமிழோடு போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, "சரி, கூப்பிட்டாச்சு" என்று அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் கிளம்பும்போதுதான் பேசினார்.

"போவாதன்னு சொல்லல. முன்னால மட்டும் உக்காராதீங்கலா."

கூட்டத்தன்று ரிங்லெட் சமூக மண்டபத்துக்கு எங்கள் லயத்தில் பாதிக்குமேல் வந்திருந்தார்கள். சிலர் கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுக் கட்டியிருந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. தவுக்கேவின் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி பக்கவாட்டுக் கதவருகே நின்று, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அண்ணி வந்தார், என் கையைப் பிடித்து எழுப்பினார், முதல் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் நெற்றியில் குங்குமம் தூரத்திலிருந்தே தெரிந்தது.

எங்கள் லயத்துக்காகப் பேசக் கோயில் செயலாளர் ஒப்புக்கொண்டிருந்தார். ஒலிவாங்கி வந்தபோது அவர் மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினார். ஒலிவாங்கி என்னிடம் வந்து நின்றது.

பள்ளியில் படித்த மலாய் மொழியில் பேசினேன். மழை பெய்தால் எங்கள் குழாயில் சேறு வருகிறது. மழை விட்டதும் தண்ணீர் தெளிவதற்குக் காரணம் அந்தக் காடு. அதை வெட்டாதீர்கள். அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்தேன். அண்ணி என் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, தவுக்கே அண்ணனைக் கூப்பிட்டனுப்பினாராம். அதை அண்ணன் எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

"முன்னால உக்காந்தது உன் பொண்டாட்டியான்னு கேட்டாரு. ஆமான்னேன். ஏன் வந்தாங்கன்னாரு. என் தங்கச்சி வீட்டுக்கு வந்து குங்குமம் வச்சு கூப்பிட்டுச்சு, தவுக்கே. அப்படிக் கூப்பிட்டா போகாம இருக்க முடியாது, எங்க வழக்கம்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. லோரிக்கு எண்ணெய் போட்டாச்சான்னு கேட்டாரு."

அண்ணி எதற்காக வாசலில் வந்து சண்டை போட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கூப்பிடாமல் அண்ணி வந்திருந்தால், தவுக்கேவிடம் சொல்ல அண்ணனுக்கு ஒரு பதில் இருந்திருக்காது. அண்ணியிடம் அதைச் சொன்னேன். "பின்ன என்ன, உன் சிமிழுக்கு ஆசப்பட்டா வந்தேன்?" என்றார்.

தவுக்கே ஒன்றும் சொல்லாதது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. காட்டைப் பற்றியும் முடிவு வரவில்லை. தையல் கடை அக்கா, பொறுத்திருக்கச் சொல்கிறார்; அடுத்த கூட்டம் வைத்தால் மறுபடி ஆள் வேண்டும் என்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

விடியும் முன் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கும்போது, மேல் வரிசையைப் பார்க்கிறேன். அண்ணன் லோரியில் ஏறிப் போன பிறகுதான் அண்ணி வாசல் விளக்கை அணைப்பார். குளிர் நாட்களில் லோரி உடனே கிளம்பாது. அந்த நேரத்தில் செம்பு நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நிற்கிறேன். இன்று காலையும் லோரி கிளம்பியது, விளக்கு அணைந்தது. குழாயை மூடினேன்.