முதற் கடுவன்

எங்கள் நாய் ரோசி வயிற்றோடு திரிந்த நாட்களிலேயே எங்கள் ஊரான நீர்வேலியில் அரைவாசிப் பேர் அவளுடைய குட்டிகளைப் பங்குபோட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் பெட்டைக் குட்டி வேண்டாம், எல்லோருக்கும் கடுவன்தான் வேண்டும். முதற் கடுவன் தனக்கென்று மாமா அம்மாவிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

ஒரு மத்தியானம் கொட்டிலில், வாழைச்சருகின்மேல் முதற்குட்டி விழுந்தது. கடுவனேதான்! ரோசி அதை நக்கி முடிக்கும்வரைகூட மாமாவுக்குப் பொறுமையில்லை. வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் புகுந்து வந்து நின்ற அயல்சனம் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், குட்டியைப் பனையோலைக் கடகத்தில் போட்டு மூடி வீட்டுக்குள் கொண்டு போய்விட்டார்.

அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. வயிறு உப்பியபடியே இருந்தது, முக்கல் இல்லை. ரோசி கிடந்து நடுங்கினாள். "உது இனித் தப்பாது" என்று யாரோ சொன்னதும் நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.

அழுகை கேட்டுத்தான் சின்னம்மா வந்தார். அம்மாவின் தங்கை. பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஆசுபத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து அறையைவிட்டு வெளியே வருவதேயில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு அம்மாவிடமிருந்து எனக்குக் குட்டுத்தான் கிடைத்தது.

"அண்ணை, குட்டியை இஞ்சை கொண்டு வாங்கோ. மற்ற எல்லாரும் வெளியாலை போங்கோ!"

சின்னம்மாவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது. மாமா கடகத்தோடு ஓடிவந்தார். என்னையும் துரத்திவிட்டார்கள். தினமும் சோறு வைக்கிறவள் நான், எனக்கா இந்த மரியாதை! கோபத்தோடு கொட்டிலின் ஓலைக் கிடுகு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சின்னம்மா குட்டியை ரோசியின் முலையில் விட்டார். அது சப்பச் சப்ப ரோசியின் நடுக்கம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் வயிறு இறுகி அடுத்த குட்டி வந்தது. பெட்டை. பிறகும் வந்தன.

பயந்தால் நோவு நின்றுவிடும், குட்டி பால் குடித்தால் தாயின் உடம்பில் ஓர் ஓமோன் சுரந்து கருப்பையைத் திரும்பச் சுருங்க வைக்கும் என்றெல்லாம் பிற்பாடு விலங்கியல் வகுப்பில் படித்தேன். மாமாவின் கடகம் ஞாபகம் வந்து சிரித்தும்விட்டேன். மார்பில் பாலை இறங்க வைப்பதும் அதே ஓமோன்தான், பிள்ளையை நினைத்தாலே போதும் என்று ஆசிரியை சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சின்னம்மா ரோசியின் தலையைத் தடவித் தடவி, "பயப்பிடாதை, உன்ரை பிள்ளை உன்னோடைதான்" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார். அவருடைய சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. ஒரு நாய்க்காக இவ்வளவு கண்ணீரா என்று நான் நினைத்தேன்.