இடது கதவின் கீல்

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு, அவர் வேலை பார்த்த இரும்பு அலமாரித் தொழிற்சாலையில் தபால்காரர் என்று பெயர். மாடியில் வடிவமைப்பாளர்கள் கம்ப்யூட்டரில் அலமாரி வரைவார்கள். எத்தனை திருகு, எந்தக் கீல் என்கிற பாகப் பட்டியலும் அதிலேயே வரும். கீழே உற்பத்திக்கு வேறொரு மென்பொருள். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, பங்காளி வீடுகள் மாதிரி. நடுவில் அத்தான் உட்கார்ந்து அதைப் பார்த்து இதில் தட்டுவார். பத்தொன்பது வருஷம் தட்டினார்.

கடைசி ஐந்து வருஷம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். வேலையில் படு சுத்தம். ஆனால் வலது கதவை வரைந்து, அதையே புரட்டி இடது கதவாக்கும்போது, வரையும் மென்பொருள் கீலின் எண்ணை மட்டும் மாற்றாமல் வலதுக்கு உரியதையே வைத்துவிடும். அது அவளுக்குத் தெரியாது. அத்தான் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். தட்டும்போது சரியான எண்ணைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"அந்தப் புள்ளையை எதுக்கு வீணா பதற வைக்கணும்?" என்பார் அக்காவிடம். நல்ல மனசுதான். கூடவே, நாம் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது என்கிற மிதப்பும் கொஞ்சம் இருந்தது.

பிறகு இரண்டு மென்பொருளையும் இணைக்க ஒரு பொறியாளர் வந்தார். "பட்டியல்ல நீங்க எதையாவது மாத்துவீங்களா?" என்று கேட்டாராம்.

"அப்படியே ஏத்துவேன் சார்" என்றாராம் இந்த மகானுபாவர். பட்டியலில் கைவைக்க அவருக்கு அனுமதி கிடையாதே! தபால்காரர் கடிதத்தைப் பிரிக்கலாமா?

இணைப்பு வந்தது. அத்தானைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூன்றாவது வாரம் நானூறு இடது கதவுகளில் வலது கீல் ஏறிவிட்டது. பற்றவைக்கிற இயந்திரத்துக்கு எண் மட்டும்தான் தெரியும். ஒரு கதவுகூட மூடவில்லை.

விசாரணையில் அந்தப் பெண் அழாத குறை. "அஞ்சு வருஷமா இப்படித்தான் சார் வரையறேன். இணைப்புலதான் ஏதோ கோளாறு. நம்பலைன்னா அண்ணனைக் கேளுங்க."

அத்தானைக் கூப்பிட்டு, முன்பு இந்தத் தப்பு வந்ததுண்டா என்று மேலாளர் கேட்டார். எப்போதும் வரும், மென்பொருள் செய்கிற கோளாறு, நான்தான் திருத்திக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருந்தால் அவள் வேலை பிழைத்திருக்கும். ஆனால் அத்தான் ஓய்வு பெற ஏழே மாதம் இருந்தது.

"ஒரு தடவைகூட வந்ததில்லைங்க" என்றார்.

இணைப்பை ஏற்கெனவே சோதித்தாயிற்று, அதில் பழுதில்லை. அப்படியானால் தப்பு புதிது, கவனக்குறைவு அவளுடையது என்று முடிவு கட்டி அந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதை அத்தான் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று மார்தட்ட ஆசைதான். என் பிழைப்பும் மாதச் சம்பளம்தானே, மறுபடி உட்கார்ந்தேன்.

போகிற அன்று அவள் கிடங்குக்கு வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "எல்லாரும் கைவிட்டப்ப, என் வேலையில தப்பே வந்ததில்லைன்னு நீங்க ஒருத்தர்தான்ணே எனக்காகப் பேசினீங்க."

"சரிம்மா, பாத்துப் போ" என்றாராம் அத்தான்.