இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய அந்த வருடம், கோடை லீவு தொடங்கியதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. மெயின் ரோட்டில் நின்றால் மேற்கே போகும் பஸ் பெரம்பலூருக்கு, கிழக்கே போகும் பஸ் அரியலூருக்கு. இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு தனியார் பள்ளிக்கூடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பள்ளியின் விண்ணப்பமும் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தன. துணி எடுக்கப் பீரோவைத் திறக்கவே பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். அப்போது அவர் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. முடிவை அவர் போனில் சொல்லிவிடுவார், நேரில் போய் நிற்க வேண்டியது நான். நான் பத்தாவது வரை படித்தவள். படிப்பு குறைவு என்பதைவிட எனக்கு வாய் வராது என்பதுதான் பெரிய குறை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டாலும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறவள்.

அவருக்குப் பெரம்பலூர் பள்ளிதான் பிடித்திருந்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவரின் அண்ணன் மகன் அங்கே படித்து டாக்டருக்குப் படிக்கப் போயிருக்கிறானாம். வெளியூர்ப் பிள்ளைகளை அந்தப் பள்ளியில் விடுதியில் தங்கினால்தான் சேர்ப்பார்கள். நான் பயந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஆனால் ஏன் என்று அவரிடம் சொல்ல முடியாது.

என் பையன் பதினோரு வயதிலும் சில நாள் படுக்கையை நனைத்துவிடுவான். வாரத்தில் ஒரு நாள், பரீட்சை வந்தால் இரண்டு நாள். காலையில் அவனே விரிப்பைச் சுருட்டிக் கொல்லைக்குக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான். நான் அலசி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் காயப்போடுவேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினேன். இது நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, தானாக நின்றுவிடும், திட்டாதீர்கள் என்றார். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, சிங்கப்பூர் போவதற்கு முந்தின வாரம், இவன் அப்பா நனைந்த டவுசரோடு இவனைத் தெருவில் நிற்க வைத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. அப்படிச் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அதன் பிறகு, இனிமேல் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று பையன் என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். அவர் போனில் கேட்டபோது, "அதெல்லாம் நின்னு போச்சுங்க" என்றேன். அந்தப் பொய்க்கு அப்போதே நான்கு வயது.

பெரம்பலூர் பள்ளிக்கு நானும் பையனும் போனோம். வாசலில் கண்ணாடிக் கதவு. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பணம் கட்டும் விவரம், மார்க் விவரம் எல்லாம் ஒரு பெண் மடமடவென்று சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு விடுதியைக் காட்ட ஒரு வார்டன் வந்தார். கொத்துச் சாவியைச் சுழற்றிக்கொண்டே நடந்தார். வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொரு மெத்தையிலும் சாக்பீஸில் ஒரு எண். சுத்தமாகத்தான் இருந்தது. லீவிலும் சிறப்பு வகுப்புக்காகச் சில பிள்ளைகள் தங்கியிருந்தார்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரே ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் ஈரம். எண் பதினேழு. எண் தெரியும் பக்கம் வெளியே பார்த்திருந்தது. தட்டோடு போன இரண்டு பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு வார்டன் சொன்னார்:

"அது ஒண்ணுமில்லம்மா. ஒரு பய படுக்கையிலயே விட்டுர்றான். நாலு பேரு பாக்குற எடத்துல வச்சா ஒரு வாரத்துல தானா நின்னுரும்."

என் பையன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டிலிருந்தே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். இப்படிப் பிள்ளைகள் இருந்தால் நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்காமலேயே பதில் கிடைத்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு அவன் வாயைத் திறந்தான். "அம்மா, பதினேழு எந்தப் பையன்?" தெரியவில்லை என்றேன். 

அரியலூர் பள்ளி ஊருக்கு வெளியே முந்திரிக் காட்டை ஒட்டி இருந்தது. சின்னப் பள்ளி. தலைமை ஆசிரியை அம்மா பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். வீட்டிலிருந்து வேனில் போய் வரலாம். அங்கே எனக்குப் பயமே வந்திருக்கக்கூடாது. ஆனால் வாசலில் நின்ற வேனைப் பார்த்தேன். இழுத்துச் சாத்தும் கதவு. அதற்குக் கொண்டி இல்லை. நைலான் கயிற்றால் உள்ளே கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த வேன் போகும் ரோடு எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் விடிந்தது முதல் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். அவை போனால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். கயிற்றைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரரிடம் அரியலூர் நல்லாயிருக்கு, பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன். காரணம் கேட்டார். தினமும் கண்ணில் பார்க்கலாம் என்றேன். "நீ பாத்துக்கிட்டு இருக்கவா நான் இங்க கம்பி கட்றேன்?" என்றார். பத்து நாள் இப்படியே போனது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பூக்கட்டிப் பார்த்துவிடலாம்.

அவர்கள் குடும்பத்தில் எதற்கும் இதுதான். தண்ணீருக்குப் போர் போட இடம் பார்த்தது, என்னைப் பெண் எடுத்தது எல்லாமே பூக்கட்டித்தான். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை ஒரு தாளிலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். அதுதான் அம்மன் வாக்கு, பிறகு மறுபேச்சு கிடையாது. வெள்ளை வந்தால் அரியலூர், சிவப்பு வந்தால் பெரம்பலூர் என்று அவர் சொன்னார். தானும் போனில் பார்க்க வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் நான், பையன், பக்கத்து வீட்டு நான்கு வயதுப் பாப்பா, பூசாரி, இவ்வளவு பேர்தான். பையன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பூசாரி ஒரு தட்டில் வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் வைத்து, மடித்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டு விளக்கைத் தூண்டப் போனார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு தாளில் வெள்ளையை வைத்து மடித்தேன். அடுத்த தாளில் சிவப்பை வைத்தேன். சுவரில் சாய்த்து வைத்த அந்த மெத்தை கண்ணுக்கு முன்னால் வந்தது. சிவப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயும் வெள்ளையை வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. மடித்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அதற்குள் பூசாரி தட்டுக்குக் கை நீட்டிவிட்டார்.

பாப்பா இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து அள்ளினாள். "ஒண்ணுதான் எடுக்கணும் பாப்பா, ரெண்டையும் எடுத்தா ரெண்டு ஊருக்கும் நீதான் போவணும்" என்று பூசாரி சிரித்தார். அவள் ஒன்றைப் போட்டுவிட்டு ஒன்றைக் கொடுத்தாள். வெள்ளை.

போனிலிருந்து அவர் குரல் வந்தது. "இன்னொண்ணயும் பிரிச்சுக் காட்டச் சொல்லு."

இடுப்பில் செருகிய சிவப்பைக் கையால் மூடிக்கொண்டேன். நல்ல வேளை, பூசாரி முகத்தைச் சுளித்தார். "அதைப் பிரிக்கக் கூடாதுப்பா. அம்மனே வாயத் தொறந்து சொல்லிட்டா, அப்பறம் என்னா சந்தேகம்? கொளத்துல போட்றணும்." அவர் சரி என்று போனை வைத்துவிட்டார்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோயில் குளத்துக்கு ஓட்டமாகப் போனேன். பையன் பின்னால் வந்தான். வீசினேன். அது முழுகும் என்று நினைத்தேன். மிதந்தது. தாள் ஊறி மெதுவாக விரிந்து, வெள்ளை அரளி ஒவ்வொன்றாக வெளியே வந்து தண்ணீரில் பரவியது. பையன் பூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.  கரையில் கிடந்த குச்சியை எடுத்துப் பூக்களைப் படியை விட்டுத் தள்ளித் தள்ளி விட்டான். பிறகு, "வா, போலாம்" என்றான்.

பள்ளி திறந்து வேனில் போக ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. அம்மனை ஏமாற்றியதற்கு அந்தக் கயிறு கட்டிய கதவுதான் தண்டனை என்று மனதில் ஒட்டிக்கொண்டது. எந்த லாரி பிரேக் போட்டாலும் வாசலுக்கு ஓடுவேன். சாயங்காலம் வேன் பத்து நிமிடம் தாமதமானால் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டில் போய் நிற்பேன். கோயில் வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன். பையன் படுக்கையை நனைப்பதும் கூடிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் விரிப்பு கொல்லைக்கு வந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான், "அப்பா எத்தனாவது மாடில வேல பாக்குறாரு?" ஏன் என்றேன். சும்மாதான் என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வேனை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அவனோ அம்மன் அப்பாவைத் தள்ளிவிடுவாள் என்று பயந்துகொண்டிருந்தான். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. அவன் எடுத்தான். கொஞ்ச நேரம் பள்ளிக்கூடக் கதை. பிறகு அவன் குரல் மாறியது.

"அப்பா, அம்மன் வெள்ளைன்னு சொல்லல. அம்மா ரெண்டுலயும் வெள்ளையவே வச்சிருச்சு. என்னாலதான்ப்பா. நான் இன்னும் பாய்ல ஒண்ணுக்குப் போறேன். அந்த ஆஸ்டல்ல மெத்தைய வெளிய வச்சுச் சிரிக்கிறாங்க. வேன்ல கதவுக்குக் கயிறுதான் கட்டியிருக்கு, நான் தள்ளித்தான் ஒக்காந்துக்கிறேன். நீ கொஞ்ச நாளைக்கு மேல ஏறாதப்பா."

  அம்மாவிடம் கொடு என்று அப்பா சொன்னதாகப் போனைக் கொண்டுவந்து நீட்டினான். மீன் கையோடு வாங்கினேன். திரையில் அவர் நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம் தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நிற்கவே இல்லை என்றேன். பதினேழாம் எண் மெத்தையைச் சொன்னேன், வார்டன் சொன்னதைச் சொன்னேன். என் வாயால் அவ்வளவு நீளமாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அப்படியே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முழுக்க போன் வரவில்லை. திட்டியிருந்தால்கூட மூச்சு விட்டிருப்பேன். பையன் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் கேட்டது, அப்பா பேசினாரா என்றுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் எப்போதும் கூப்பிடாத நேரத்தில் போன் அடித்தது. ஓடிப் போய் எடுத்தேன்.

"அந்த வேன் கதவு இன்னும் கயித்துலதான் கெடக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"போயி கேக்க வேண்டியதுதான?"

"நானாங்க?"

"பின்ன, அம்மனா வந்து கேக்கும்?"

அவ்வளவுதான். பூவைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. போனை வைக்கும்போது மட்டும், தெருவில் நிறுத்தியது பையனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. எங்கள் நிறுத்தத்தில் ஐந்து பிள்ளைகள் ஏறுவார்கள். ஓட்டுகிற பையன் கயிற்றை அவிழ்த்தான். மற்ற மூன்று தாய்மார்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.  என் பையன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சொன்னேன், "தம்பி, இந்தக் கதவுக்குக் கொண்டி போடாம நான் என் புள்ளைய ஏத்த மாட்டேன்."

"என்னக்கா, நீங்கல்லாம் பேசுறீங்க, இன்னிக்கு மழை வந்துரும் போலருக்கு" என்று அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிடித்த தோளை விடவும் இல்லை. "அம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று பையன் என் புடவையை இழுத்தான். அந்த நேரம் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி எங்களை உரசுவதுபோலப் போனது. வேன் ஒரு ஆட்டம் ஆடியது, அவிழ்த்த கதவு தானாக நகர்ந்து முழுக்கத் திறந்துகொண்டது. எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஏறிவிட்ட தன் பெண்ணைப் பேசாமல் கீழே இறக்கினாள். பிறகு மற்றவர்களும். ஓட்டுகிற பையன் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே எங்கள் பிள்ளைகள் இல்லாமல் போனான். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், இன்றைக்குக் கணக்குப் பரீட்சை, சார் திட்டுவார் என்று பையன் புலம்பிக்கொண்டே வந்தான்.

மூன்றாம் நாள் வேன் புதுக் கொண்டியோடு வந்தது. பிள்ளைகள் எல்லாம் ஏறி உட்கார்ந்ததும் வெளியிலிருந்து கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்றைக்கும் தினமும் இழுத்துப் பார்க்கிறேன். நான் கையை எடுக்கும் வரை அந்தப் பையன் வண்டியை எடுப்பதில்லை. வேன் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, அதன் மஞ்சள் நிறம் தூசியில் மறைகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன். பிறகுதான் வீட்டுக்கு வந்து விரிப்பை அலசுகிறேன்.